நித்யாவுக்கு நாங்கள் நடத்திய பாராட்டு விழா

போன புதன்கிழமை பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பாராட்டு விழா. பக்கத்து வீதி நித்யாவுக்கு யுனிவர்சிட்டியில் சிறந்த ஆய்வேட்டுக்கான விருது. எம்.எஸ்சி. தாவரவியல், தென்னை வாடல் நோயைப் பற்றி எழுதியவள். ஊரே பூரித்துப் போய்விட்டது. பூரித்தால் சும்மா இருப்போமா?

பத்து மணிக்கு என்று நோட்டீஸ். சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியது பன்னிரண்டரைக்கு. அப்புறம்தான் நம்ம பக்கத்து மலையாளச் சம்பிரதாயம் ஆரம்பம் — வரவேற்புக்கு ஸ்வாகதம், தலைமைக்கு அத்யட்சன், தொடக்கி வைக்க உத்காடனம், அப்புறம் ஆசம்ஸ. ஆசம்ஸ என்றால் வாழ்த்துரைதான். ஆனால் பதினோரு பேர்! கட்சிக்கு ஒருத்தர், சங்கத்துக்கு ஒருத்தர். யாரையாவது விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பதினோராவது ஆள் நான். விருது வாங்கினவள்? எல்லாருக்கும் கடைசி.

ஒன்றேகாலுக்கு நித்யா என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, ரெண்டு மணிக்கு எனக்கு ஆன்லைன் இன்டர்வியூங்க. பிஎச்.டி. சீட்டுக்கு. இதை விட்டா ஒரு வருசம் போயிருமுங்க."

"அட, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க. பதினொண்ணுக்கே விட்டுருவோம்னாங்க."

நேரே விழா நடத்தும் எங்கள் சங்கத்தின் தலைவர் தங்கவேல் அண்ணனிடம் போனேன். மொமென்டோவை இப்பவே கொடுத்துப் பிள்ளையை அனுப்புங்கள் என்றேன்.

"ஏனுங்க, ஆசம்ஸ முடியாம எப்படிங்க குடுக்கறது? மத்தவிய என்ன நெனப்பாங்க?"

மத்தவர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு ஐயா இந்த விழா? ராப்பகலாகப் படித்து விருது வாங்குவதுகூடச் சுலபம் போலிருக்கிறது... வாங்கின பிறகு நம்மிடமிருந்து தப்பிப்பதுதான் பெரும் பாடு.

"நீ கெளம்பு கண்ணு, நான் சமாளிச்சுக்கறேன்" என்று பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டேன். வீடு இரண்டு தோப்பு தள்ளித்தான்.

என் முறை வந்தபோது மணி இரண்டு. அவளுடைய நாற்காலி காலி என்று யாராவது கவனித்தால் ஆளனுப்பி இழுத்து வந்துவிடுவார்களே! அதனால் மைக்கை விடவில்லை. அவள் எல்.கே.ஜி.யில் ஆடின டான்ஸ், அவள் அறிவு, அடக்கம், நடுவில் கொஞ்சம் வாடல் நோய் — முழுசாக இருபத்தைந்து நிமிஷம். கைதட்டல் வேறு! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் மொமென்டோவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"சன்னலெல்லாம் சாத்திப் பாத்தனுங்க. உங்க சங்கத்துக்காரங்க கொழாய் ஸ்பீக்கரை எங்க தென்னை மரத்துலதான் கட்டியிருக்காங்க. அவிய கேக்கறது எனக்குக் கேக்கல, நான் சொல்றது அவியளுக்குக் கேக்கல. பத்தே நிமிசம்... போதும்னு கட் பண்ணிட்டாங்க."

மொமென்டோவை ஓரமாக வைத்தேன்.

"என்ன சத்தம்னு அவங்க உன்னைக் கேக்கலையா கண்ணு?"

"கேட்டாங்க. என்னையப் பாராட்டறாங்கன்னு சொன்னனுங்க."

பாராட்டுவது யார் என்று மட்டும் சொல்லவில்லையாம். நல்ல பிள்ளை.