என் வீட்டுக்காரரின் தொப்பியை நான் வாசித்த விதம்

அப்போதெல்லாம் என் கதைகளில் கோபம் வந்தால் பல்லைக் கடிப்பார்கள். வருத்தம் வந்தால் உதட்டைக் கடிப்பார்கள். வெட்கம் வந்தால் நகத்தைக் கடிப்பார்கள். பத்திரிகை ஆசிரியை ஒருவர் போன் செய்து, "மேடம், உங்க கதையில யாருமே சாப்பிட்டுட்டு வர மாட்டாங்களா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

"உணர்ச்சியை நேரா சொல்லாம உடம்பு செய்யுறதை எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக எல்லா உடம்பும் ஒரே மாதிரியா செய்யும்? உங்க வீட்ல இருக்கிறவங்களைப் பாத்து எழுதுங்க."

தென்காசி வீட்டில் இருப்பது நானும் மாமியாரும். மாமியாருக்கு எந்த உணர்ச்சி வந்தாலும் டிவி சத்தத்தைக் கூட்டுவார். கதைக்கு அது போதாது. வீட்டுக்காரர் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவார், கழுத்துக்கு மேலே மட்டும். இருக்கிற உடம்பை வைத்து எழுதுவோம் என்று அவரையே எடுத்துக்கொண்டேன்.

எடுத்த நேரமோ என்னமோ, ஒரு வாரம் நெட் சரியில்லை என்று குரல் மட்டும் வந்தது. பிறகு முகம் வந்தது, கூடவே ஒரு நீலத் தொப்பியும். தொழுகைக்கே கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மனுஷர், கிரிக்கெட் ஆடப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், தொப்பி?"

"ஏசி காத்து ஒத்துக்கல."

சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. திரை மூலையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தது. வலது கை தலைக்குப் போய், பாதி வழியில் நின்று, கீழே இறங்கியது. போனைத் தாழ்த்திப் பிடித்தார். தாடையும் மின்விசிறியும்தான் எனக்குத் தெரிந்தன. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

"ஏட்டி, என்ன இப்படி உத்துப் பாக்குத?"

"என் புருஷன், நான் பாக்குதேன்."

சிரித்தார். சிரிப்பு சரியில்லை என்று அதையும் எழுதினேன்.

நோட்டு நிறைய நிறைய, எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெண்டாட்டி கண்ணைப் பார்க்க முடியவில்லை. தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். எதையோ மறைக்கிறார். கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான்: இன்னொருத்தி. சோறு இறங்கவில்லை. மேலகரத்தில் இருக்கும் என் தங்கச்சியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. வேறு வழி தெரியாமல் அதையே கதையாக எழுதினேன். வெளிநாட்டில் ஒருவன், ஊரில் ஒருத்தி, நடுவில் ஒரு போன். யாரும் எதையும் கடிக்கவில்லை.

ஆசிரியை, "தலைக்குப் போய் நிக்கிற அந்தக் கை இருக்கே மேடம், கண் கலங்கிருச்சு" என்றார். அடுத்த இதழிலேயே போடுவதாகவும் சொன்னார். கதை தேறியதில் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

சீசனுக்கு லீவில் வந்தார். திருவனந்தபுரத்தில் இறங்கி செங்கோட்டை வழியாகக் காரில் வரும்போது, குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அது அவர் வழக்கம் என்பதால் நானும் மாமியாரும் அங்கேயே போய்விட்டோம். அன்றைக்கு அருவியில் நல்ல தண்ணீர். நாங்கள் குளித்துவிட்டு வந்தால், விட்டுப் போன இடத்திலேயே அவர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாரல் ஒரு அடி முன்னால் வந்தால் இவர் இரண்டு அடி பின்னால் போகிறார். தலையில் தொப்பி.

"குளிக்கலியா?"

"பையைப் பாத்துக்கிடுதேன். நீங்க இன்னும் கொஞ்சம் குளிங்க."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அவ யாரு?" என்றேன்.

"எவ?"

அருவி இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். "துபாய்ல வச்சிருக்கீங்களே, அவ!"

பக்கத்தில் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். எண்ணெயில் கிடந்தவரும் தலையைத் தூக்கினார்.

வீட்டுக்காரர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். முன்தலை முழுக்கப் புள்ளி புள்ளியாக, நாற்று நட்டுப் பிடிக்காமல் போன வயல் மாதிரி இருந்தது.

"முடி நட்டேன்டி. ரெண்டு மாசமாச்சு. நட்டது முதல்ல கொட்டிரும், பொறவு முளைக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. அருவி அடிச்சு வேரோட போயிட்டா என்ன செய்ய?"

"இது எதுக்கு மச்சான் உங்களுக்கு?"

"போன லீவுல கல்யாண வீட்ல கரண்டு போச்சுல்லா. 'எங்க வீட்டுக்காரரு குனிஞ்சா போதும், லைட்டு எதுக்கு'ன்னு நீதான சொன்ன. அத்தன பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

சொன்னது ஞாபகம் இருந்தது. எல்லோரும் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அவர் எப்படிச் சிரித்தார் என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்றைக்கு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பழைய தலையே எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு" என்றேன். அதற்குள் மாமியார் வந்து மகன் தலையைக் குனிய வைத்துப் பார்த்தார். "ஏலே, அம்மை போட்டிருக்கா?"

அடுத்த வாரம் கதை அச்சில் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்பதும் உண்மை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நான் அடுப்படியில் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுப்படி வாசலில் வந்து நின்றார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்த வெளிநாட்டுப் பொம்பளயப் பத்தி ரெண்டு வரிதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் வர்ணிச்சிருக்கலாம்."

துபாய்க்குத் திரும்பும்போது, ரூமில் இருக்கிற ஆட்களுக்குக் காட்ட வேண்டுமென்று பஸ் ஸ்டாண்டு கடையில் இன்னும் மூன்று பிரதி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.