கரைமேல் ஒரு நாற்காலி

தை இருபத்தெட்டாம் நாள், மாலை ஐந்தே முக்கால். அன்னக்கூடையில் மீந்திருந்த விதை உளுந்தில் அக்கா கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேற்கு வயலில் வைத்த நெருப்பின் முதல் புகை வேலியைத் தாண்டி வந்தது. அவள் விரல்கள் நின்றன. எழுந்து ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் மூக்கை மூடாமல், கூடையை மூடினாள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர், மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த ஒரு புறநகர். மழைக்காலத்தில் அங்கே காற்று கழுவிவிட்டதைப் போலிருக்கும். மார்கழி பிறந்ததும் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கி அடியில் தங்கிவிடும். சூளைகள், குப்பைமேடு, லாரிகள் ஆகியவற்றின் புகையெல்லாம் அதற்குள் அகப்பட்டு, வெயில் ஏறும்வரை நகராது. குளிர்காலம்தோறும் அவளுக்கு மூச்சிரைப்பு கூடியது. திறந்த வெளியுள்ள ஊரில் மார்கழி, தை இரண்டு மாதங்களையும் கழிக்கும்படி மருத்துவர் சொன்னார். குடவாசலை அடுத்த எங்கள் ஊரைவிடத் திறந்த வெளி ஏது? வந்திறங்கிய அன்று அக்கா சுற்றிலும் பார்த்துச் சிரித்தாள். “இங்க தடுக்க ஒரு மேடுகூட இல்லடி.”

தடுப்பதற்கு எதுவும் இல்லாத நிலத்திலும் புகை போய்விடாது. தை மாத அந்தியில் காற்று நின்றுவிடும். பனி இறங்கும். எழும்ப முடியாத புகை ஆளுயரத்தில் படுத்து, வெள்ளம் போலப் பரவும். இயந்திர அறுவடை வந்தபின் வயலிலேயே சிதறிவிடும் வைக்கோலைப் பலரும் கொளுத்துகிறார்கள். அக்கா இதைத் தெரிந்துகொண்டபோது சம்பா கதிர் முற்றத் தொடங்கியிருந்தது.

அவளுக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்து தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது முளைத்து நிற்கும் வயலில் யாரும் நெருப்பு வைக்க மாட்டார்கள். அக்கா தானே விதை வாங்கி, மேற்கு வயலுக்குச் சொந்தக்காரரான, எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவரிடம் போய் நின்றாள்.

“நீ மூச்சு விட நான் உளுந்து தெளிக்கணுமா?” என்றார் அவர். “மெஷின் எறங்குனா மிஞ்சுமாம்மா அது?”

“மிஞ்சுறது மிஞ்சட்டும் பெரியப்பா. நெருப்பு மட்டும் வேணாம்.”

“சரி, குடு. வடை சுட்டா எனக்கு ரெண்டு வந்துடணும்.”

தெளித்தார், முளைத்தது. ஆனால் பருவம் தப்பிய மழையால் வயல் சேறானது. சங்கிலிச் சக்கர இயந்திரத்தால்தான் இறங்க முடிந்தது. அது போன தடமெல்லாம் இளஞ்செடிகள் புதைந்தன. நனைந்த வைக்கோலைக் கட்ட யாரும் வரவில்லை. உளுந்து போன வயலில் பருத்தியாவது போட வேண்டிய நிலை அவருக்கு. அதற்கு வைக்கோலை எரித்தாக வேண்டும்.

அவர் நெருப்பு வைத்த அன்று மாலை கதவிடுக்கில் திணித்த ஈரத்துணி எதற்கும் உதவவில்லை. அக்காவின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. அப்பா கார் தேடி ஓடினார். புகைக்குள்ளிருந்து பெரியப்பா வந்தார். நாற்காலியோடு அவளைத் தூக்கினார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல ஆற்றங்கரை ஒன்றுதான் உண்டு. கரைமேல் ஏறியதும் புகை எங்கள் இடுப்புக்குக் கீழே இறங்கியது. மேலே நட்சத்திரம்கூடத் தெரிந்தது. கீழே எங்கள் வீடு தெரியவில்லை.

“எனக்கு வேற வழி தெரியலம்மா,” என்றார் பெரியப்பா. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மன்னித்தாளா, பிடிமானம் தேடினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கார் வந்ததும் அப்பாவும் அம்மாவும் அவளைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தத் தையிலும் அக்கா இங்கேதான் இருக்கிறாள். குன்றுகளுக்கு நடுவே அந்தப் புறநகரும் அப்படியேதான் இருக்கிறது. இங்கே அந்திதோறும் அவளைக் கரையேற்றுகிறோம். நாற்காலி இப்போது அங்கேயே கிடக்கிறது. பெரியப்பா முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிடுகிறார்: “இன்னிக்கு வைக்கிறேம்மா. புள்ளைய மேல ஏத்திடுங்க.” அவரால் செய்ய முடிந்த உபகாரம் அது. அதற்கு நாங்கள் நன்றியும் சொல்கிறோம். இரைப்பு முன்னைவிட இப்போது சீக்கிரம் வருகிறது. கரையின் உயரமோ அதேதான்.

அக்காவைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோன அந்த மாலைக்கு மறுநாள் காலை, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். முற்றமெங்கும் கரித்துகள். கூடைமேல் அக்கா போட்ட துண்டு சாம்பல் நிறமாகியிருந்தது. அதை விலக்கினால் உளுந்து அவள் பொறுக்கிய சுத்தத்தோடு அப்படியே இருந்தது. பெரியப்பாவின் கிழக்கு வயல் இன்னும் அறுபடாமல் நின்றது. அங்கும் அந்த இயந்திரம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினேன். பனியில் நனைந்த கதிர்கள் முழங்கையில் உரச, கூடை காலியாகும்வரை தெளித்தேன்.