கலீனா அக்காவின் வலது கை

கலீனா அக்கா அரசியல் பேசத் தொடங்கினால் ஜெர்மனியில் ஹாம் நகரத்து ஊன்ட்றொப் கால்வாயில் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிடும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அரைச் சாண் என்று வைத்துக்கொள்ளலாம். யாராவது வீட்டுக்கு வந்து ரஷ்யாவைப் பற்றி வாயெடுத்தால் போதும், அக்காவின் கை தானாகப் போய்க் குசினிக் குழாயைத் திறந்துவிடும். தண்ணீர் விழும் இரைச்சலுக்குள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "இப்ப கேளுங்கோ" என்பார். ரஷ்யாவில், வொரோனெஷ் நகரில் அவருடைய தாயும் ஒட்டுக்கேட்பவர்களுக்குப் பயந்து இப்படித்தான் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாராம். ஹாம் நகரத்து நாலாம் மாடியில், அடுத்த வீட்டில் இருப்பவரோ காது மந்தமான ஒரு ஜெர்மன் கிழவர். "அவருக்குக் கேக்காது எண்டு எனக்குத் தெரியும். என்ரை கைக்குத் தெரியாதே" என்பார் அக்கா.

அறுபத்திரண்டு வயது. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை. கோயில் திருவிழாவுக்குக் காஞ்சிபுரம் கட்டி, நெற்றியில் பெரிய பொட்டும் வைத்து வந்தால், புதிதாக வந்தவர்கள் வணக்கம் சொல்வதா குட்டன் டாக் சொல்வதா என்று தடுமாறுவார்கள். அதற்குள் அவர் முந்திக்கொண்டு, "எப்ப வந்தனீங்கள்? சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுவிடுவார். எண்பத்து நான்கில் பொறியியல் படிக்க வொரோனெஷ் போன கணவர் தியாகு அண்ணை, பட்டத்தோடும் கலீனாவோடும் தொண்ணூறில் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அந்த நாளில் கடிதத்துக்குப் பதிலாக யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து மாமியார் கசெற்றில் பேசி அனுப்புவார். அந்தக் கசெற்றுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் கலீனா தமிழ் படித்தார். அதனால் அவர் பேசுவது அப்படியே எழுபது வயதுக் கரவெட்டிக் கிழவியின் தமிழ். மாமியார் இருமிய இடங்களில் இவரும் இருமுவார் என்று தியாகு அண்ணை சொல்லிக்கொண்டு திரிகிறார். அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் கடைசி அறை அவருடையது. ஒன்பது பிள்ளைகள். அப்பா அம்மா இருவரும் தமிழர்; ஆனால் அவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், வீட்டில் பேசுவது ஜெர்மன். இந்தப் பிள்ளைகளை வேறு எந்த ஆசிரியரும் கேட்டு எடுத்ததில்லை. கலீனா அக்கா எடுத்தார். தமிழ் தாய்ப்பாலோடு வந்தவர்களுக்கு நாக்கு எங்கே இடறும் என்று தெரியாது. இவருக்கு ஒவ்வொரு இடமும் தெரியும். எல்லாம் தானே விழுந்து எழும்பிய இடங்கள். "நாக்கை மடியுங்கோ. மேலை தொடாதையுங்கோ, அங்கை சுடும்" என்பார். ஒன்பது நாக்குகளும் சூட்டுக்குப் பயந்து மடியும், ழகரம் பிறக்கும். போன வருடக் கடைசியில் ஒன்பது பேரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக் காட்டினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கின்றன.

உக்ரைன் போர் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி. "ஏனக்கா உங்கட சனம் ஒரே ஆளை இவ்வளவு காலமாப் பொறுத்துக்கொண்டு இருக்குது? பயமோ?"

"பயம் எண்டால் நல்லம். பயம் ஒரு நாளைக்குத் தெளியும்" என்று தொடங்கி, தகப்பனின் கதையைச் சொல்வார். தகப்பன் டயர்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் கூட்டம் வைத்து, ஒரு தொழிலாளியைக் கண்டிக்கக் கை தூக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத் தகப்பனின் பென்சில் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் கைகளை எண்ணி முடித்துவிட்டார்கள். "பொலிஸ் வரேல்லை. ஒருத்தரும் ஏசேல்லை. மத்தியானம் சாப்பாட்டு மேசையிலை அப்பாவுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை, அவ்வளவுதான். எட்டுப் பேர் இருக்கிற மேசை. அடுத்த கூட்டத்திலை அப்பா, கேள்வி முடிய முதலே கையைத் தூக்கிப்போட்டார்."

பிறகு தாயின் கதை. தொண்ணூறுகளில் எல்லாம் மாறிப்போனது. சுதந்திரம் வந்தது என்றார்கள். அந்த வருடம் தாய்க்கு மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தில்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். தாய் பனியில் தெருவோரம் நின்று கேத்தில் விற்றார். பக்கத்தில் நின்றவரும் கேத்தில்தான் விற்றார். "அம்மாவுக்குச் சுதந்திரம் எண்டு சொன்னால் இண்டைக்கும் கேத்தில்தான் ஞாபகம் வரும். ஆர் வந்து, நீ சும்மா இரு, நான் எல்லாத்தையும் பாக்கிறன் எண்டு சொன்னாலும் மனிசி ஓம் எண்டுதான் சொல்லும்."

அக்காவின் தங்கை வேரா இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் தக்காளி, மூட்டுவலி, பூனை எல்லாம் பேசுவார்கள். போரைப் பற்றிக் கேட்டால் வேரா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "மேலை இருக்கிறவைக்குத் தெரியும்."

ஒருமுறை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தியாகு அண்ணை, "எங்கட ஆக்களும் லேசுப்பட்டவையில்லை" என்றார்.

"அதாலைதானே உங்களைக் கட்டினனான். வீட்டிலை இருந்த மாதிரியே இருந்தது."

தியாகு அண்ணை சொன்னதில் உண்மை இருந்தது. தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே தலைவர், இரத்தினம் அண்ணை. கெட்ட மனிதர் அல்லர். பனி கொட்டும் காலையில் முதலில் வந்து மண்டபக் கதவைத் திறப்பவர் அவர். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவரும் அவரே. அதனாலேயே அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. செயலாளர் கிறிஸ்ரினா கூட்ட அறிக்கையை முதல்நாளே வீட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். எல்லாத் தீர்மானங்களுக்கும் கீழே 'ஏகமனதாக' என்ற சொல் அழகான கையெழுத்தில் காத்திருக்கும். இதுவரை ஒன்றையும் திருத்த வேண்டி வந்ததில்லை.

இந்தப் பங்குனி மாதக் கூட்டத்துக்கு வந்த தீர்மானம், கலீனா அக்காவின் வகுப்பைப் பற்றியது. ஆண்டுவிழா ஒத்திகைக்கு அறை வேண்டும். ஆகவே கடைசி அறை வகுப்பை நிறுத்தி, ஒன்பது பிள்ளைகளையும் பெரிய வகுப்பில் சேர்ப்பது. காரில் வரும்போது தியாகு அண்ணை கேட்டார்: "இண்டைக்குக் கதைக்கப் போறீரோ?"

"நானோ? எனக்கேன்?" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவாலய மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இரத்தினம் அண்ணை தீர்மானத்தை வாசித்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, "அண்ணைக்குத் தெரியும். அண்ணை யோசிச்சுத்தான் செய்வார்" என்றார்கள். கலீனா அக்கா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேரா எப்போது ஹாமுக்கு வந்தாள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"எங்கட சங்கத்திலை ஒருத்தர் மாட்டன் எண்டு சொன்னாலும் நாங்கள் ஒண்டும் செய்யிறேல்லை" என்றார் இரத்தினம் அண்ணை, அடுத்த தாளைத் தேடிக்கொண்டே. "ஆருக்கும் மாற்றுக் கருத்து இருக்கோ?"

கைதட்டல் தொடங்கிவிட்டது. அப்போதுதான் கலீனா அக்காவின் வலது முழங்கை மேசைமேல் ஊன்றியது. முன்கை நேரே எழுந்தது. விரல்கள் ஒட்டியிருந்தன. ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கை தூக்குவது அப்படித்தான். காப்புகள் முழங்கைப் பக்கம் சரிந்து சத்தமிட்டன. பக்கத்தில் இருந்த சுலோஜனா தன் கதிரையை இரண்டு விரற்கடை அப்பால் நகர்த்தினார். அக்கா அதைக் கண்டார். கை இறங்கவில்லை.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. இரத்தினம் அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன கலீனா, தேத்தண்ணி வேணுமோ?"

"இல்லை அண்ணை. நான் மாட்டன்."

"என்ன மாட்டீங்கள்?"

"வகுப்பை விட மாட்டன். அந்த ஒன்பது பிள்ளையளும் பெரிய வகுப்பிலை ஒரு கிழமை இருப்பினம். ரெண்டாம் கிழமை வயித்துக்குத்து எண்டு சொல்லுவினம். மூண்டாம் கிழமை வரமாட்டினம். நீங்கள் ஒத்திகை பாத்து விழா வையுங்கோ. பாக்கிறதுக்குத் தமிழ் தெரிஞ்ச பிள்ளை இராது."

மண்டபத்தில் எவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தியாகு அண்ணை மட்டும், பரீட்சையில் தான் தேறியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிறிஸ்ரினா எழுந்து, வழக்கம்போலத் தான் எழுதிவந்ததை உரத்து வாசித்தார்: "மேற்படி தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

கலீனா அக்காவின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவர் பிறந்த நாட்டில், கையை இறக்கு என்று மேடையிலிருந்து சொல்லும்வரை யாரும் இறக்குவதில்லை.

இரத்தினம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு கிறிஸ்ரினாவின் பக்கம் திரும்பினார்.

"பிழை பிள்ளை, அந்த வரியை வெட்டும். ஒரு கை எதிர்ப்பு, தீர்மானம் இல்லை எண்டு எழுதும். கலீனா, அவ எழுதி முடியுமட்டும் கையை இறக்காதையுங்கோ."