குமிழி வராத கிணறு

ஊருக்கே அண்ணன் முறையான மீராமுகைதீன் காக்காவைப் பற்றிக் கேட்டால் சாய்ந்தமருதில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேஸ் வெல்டிங் வேலைக்காரர், முன்கோபி. கேற்றை ஒட்டக் கொடுத்தால் அதன் பூட்டையும் கழற்றிப் பார்க்காமல் திருப்பித் தரமாட்டார். அதெல்லாம் இருக்கட்டும். அவருடைய பட்டறைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த நான் கண்ணால் கண்ட ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எழுபத்தெட்டாம் வருடக் கார்த்திகைச் சூறாவளியில் அவருடைய தம்பி அப்துல் ஹமீட் காணாமல் போனான். கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த இயந்திரப் படகைக் காற்று இழுக்கிறது என்று தோணியில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. படகு அந்த இடத்திலேயே மூழ்கிவிட்டது. ஏதோ கப்பல் அவனை ஏற்றிக்கொண்டு போனதாக எவனோ கதை கட்டிவிட, ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி ஹப்ஸாவின் பாடுதான் பெரும்பாடு. அடக்க மையித்தும் இல்லை, செய்தியும் இல்லை. இறந்த புருஷனுக்காக நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களைப் பாராமல் இத்தா இருக்க வேண்டியவளா, புருஷனுக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டியவளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளை உடுத்தால் புருஷனை மௌத்தாக்கிவிட்டாள் என்றார்கள். நிறச்சேலை உடுத்தால் வெட்கம் கெட்டவள் என்றார்கள். இந்த ஊர் வாய்க்கு மூடி செய்ய எந்தப் பட்டறையாலும் ஆகாது.

ஒருநாள் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மச்சான், அவர் மௌத்தா, ஹயாத்தா? அத மட்டும் ஆராச்சும் எனக்குச் சொல்லுங்களன்."

காக்கா கேஸ் சுடரை அணைத்தார். படகு கிடந்தது நாலு பாகத்துக்குட்பட்ட, இருபத்துநாலு அடிக்குள்ளான ஆழத்தில்தான். மூச்சடக்கிப் போனவர்கள் அதன் மேல்தட்டைத் தொட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆனால் இருட்டில் எஞ்சின் அறைக்குள் நுழைந்து தேட ஒரு மூச்சுப் போதாது.

முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் உடைந்த தள்ளுவண்டியை ஒட்டப் போனபோது மயக்க மருந்து மெசின் ஒன்றைக் காக்கா பார்த்திருந்தார். நோயாளி விடுகிற மூச்சு சுண்ணாம்பு மணிகளுக்கூடாகப் போய், கெட்டது கழிந்து, அவனிடமே திரும்பி வரும். குறைகிற ஒட்சிசனைச் சேர்த்தால் போதும். ஒட்சிசன் சிலிண்டர் பட்டறையிலேயே இருந்தது. மூச்சுப் பைக்கு லொறி டியூப், சுண்ணாம்புக்குப் பால்மா டின், மூச்சு ஒரு பக்கமாகவே ஓட சைக்கிள் டியூபில் வெட்டிய தடுப்புகள். அவை என் கடை டியூபுகள். என்னைக் கேட்டா எடுத்தார்?

சுண்ணாம்பை மணியாக்குவதுதான் பெரிய வேலை. மனைவி நாச்சியாவின் இடியப்ப உரலில் ஈரச் சுண்ணாம்பைப் போட்டுப் பிழிந்தார். "இனி இதுல ஆரு இடியப்பம் தின்னுற?" என்று அவ சத்தம் போட்டா. காக்கா அதை மோர்மிளகாய் காயவைப்பது போலப் பாயில் பரப்பி, நல்ல வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்து நொறுக்கினார்.

முதல் சோதனை அவருடைய வளவுக் கிணற்றில். கயிற்றை நானும் நாச்சியாவும் பிடித்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கயிறு கண்டபடி துடித்தது. இழுத்து எடுத்தால் முகம் சிவந்து, மேல்மூச்சு வாங்கி, ஆளைத் தெரியாமல் உளறினார். நாச்சியா மார்பில் அடித்துக்கொண்டு அழுதா. அழுது முடித்தவ, டின்னில் இருந்த மணி ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தா. வெற்றிலை போடுகிற ஆள் அல்லவா!

"இது நாக்கச் சுடல்ல. வெயில்ல கிடந்து செத்த சுண்ணாம்பு. இத வெத்திலைக்கே போடமாட்டம், இதப் போய் மூச்சுக்குப் போட்டிரிக்கீங்க!"

காக்கா படுத்த படுக்கையிலேயே சிரித்தார். அடுத்த முறை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் போகமுன் மூடிக் கட்டி வைத்தார். நாக்கைச் சுடுகிறதா என்று பார்த்தே டின்னை நிரப்பினார்.

இரண்டாம் சோதனையை நான் மறக்கமாட்டேன். காக்கா இறங்கினார். தண்ணீர் மூடியது. பிறகு ஒன்றுமில்லை. மனிதன் மூச்சு விட்டால் குமிழி வரவேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீரில் வானம் அசையாமல் கிடந்தது. நாச்சியா கயிற்றைச் சுண்டினா. கீழிருந்து பதில் சுண்டல் வந்தது. மறுபடி சுண்டினா, மறுபடி வந்தது. என் கண் கலங்கிவிட்டது. விட்ட மூச்சையே திரும்ப எடுத்து ஒரு மனிதன் தண்ணீருக்கடியில் உயிரோடு இருக்கிறான்! சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

பங்குனியில் கடல் அடங்கியதும் போனோம். தோணியில் நானும் அவரும்தான். தூய ஒட்சிசன் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் ஆளையே கொன்றுவிடும் என்று பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு இருவருக்குமே அது தெரியாது. அவர் இறங்கிய பிறகு கடலில் அவர் இருக்கிற அடையாளமே இல்லை. கைக்குள் கயிறு மட்டும் மெல்ல நகர்ந்தது. எனக்குத் தெரிந்த ஓதலெல்லாம் ஓதி முடித்தேன்.

மேலே வந்தவரின் கையில் அகலமான பெல்ட் ஒன்று இருந்தது. ஹமீட் இடுப்பில் சாரத்துக்கு மேல் கட்டுகிற பெல்ட்.

"எஞ்சினடியில இரிக்கான்" என்றார். புது டின்னை மாட்டினார். பிறகு தன் பையைத் திறந்து, மையித்தைப் பொதிகிற கபன் துணியை மடித்தபடியே எடுத்தார். தம்பி கிடைத்தால் வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது என்று கொண்டுவந்திருக்கிறார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். கடலடியில், கண் தெரியாத அந்த அறைக்குள், தம்பியில் எஞ்சியதையெல்லாம் கையால் துழாவிச் சேர்த்து, வெள்ளையில் பொதிந்து கொண்டுவந்தார். டின்னுக்குள் தண்ணீர் புகுந்து, சுண்ணாம்புநீர் வாயையும் நாக்கையும் சுட்டிருந்தது. அப்படியும் அவர் பொதியை விடவில்லை. அதை நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவ்வளவு இலேசாக இருந்தது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா தொழுது அடக்கினோம். ஹப்ஸா வெள்ளை உடுத்து, மிச்சமிருந்த இத்தாவுக்கு அறைக்குள் போய்விட்டாள். இனி காக்காவும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. வாய் வெந்து கஞ்சிகூட இறங்காத நிலையில் அவர் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். நானும் நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மச்சான், இவ்வளவு நாளும் நான் அழல்ல. அழுதா நானே அவர மௌத்தாக்கினதாப் போயிரும் எண்டு பயம். இனி அழலாந்தானே?"

காக்கா வெந்த நாக்கைப் புரட்டினார்.

"ஓம் புள்ள" என்றார்.