பின்னால் ஒரு ஸ்ஸ் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்கிற காரியம் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவது. அடுத்தது மின்விசிறி. பிறகு கொல்லைப்பக்க ஜன்னல் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாத்துவேன். அதையும் சாத்தினால் காரைக்கால் புழுக்கத்தில் வெந்தே போய்விடுவோம். உள்ளறையில் நாற்காலி, எதிரே அரிசி டின், அதன்மேல் செல்போன். இத்தனையும் எதற்கென்றால் நான் கிட்டார் வாசிப்பதைப் பதிவு செய்ய. ஒருமுறை பிளக்கைத் திரும்பச் செருக மறந்துபோய், மண்டபத்தூர் மீன்காரம்மாவிடம் ஆசையாக வாங்கிய சங்கரா மொத்தமும் நாறிவிட்டது. அன்றைக்கு ரசம்தான்.

கிட்டார் என்றால் பாடற்குழுவில் டங்கு டங்கென்று அடிப்பார்களே, அது இல்லை. இது கிளாசிக்கல் கிட்டார். நைலான் தந்தி. ஒவ்வொரு தந்தியையும் வலதுகை நகத்தால் தனித்தனியாகத் தொட்டு வாசிக்க வேண்டும். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகன், திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று விட்டுப்போன கிட்டார். அப்போது எனக்கு நாற்பது வயது. அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, பிள்ளை இல்லை, மாலையில் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். வலதுகைக்கு மட்டும் நகம் வளர்ப்பதைப் பார்த்து அலுவலகத்தில் கேலி செய்தார்கள். "என்னக்கா, பியூட்டி பார்லர்ல பாதி கைக்குத்தான் பண்ணுவாங்களா?" செய்துவிட்டுப் போகட்டும். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

நாற்பத்தாறு வயதில், வீட்டில் பதிவு செய்ததைப் போட்டுக் கருத்துக் கேட்கும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள், முகம் தெரியாதவர்கள், கேட்டுவிட்டு நல்லது கெட்டது எழுதுவார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் பதிவு எடுத்த அன்று பதினோரு தடவை வாசித்தேன், பதினொன்றிலும் தப்பு. அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் வாசற்படியில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது தடவை ஒரு தப்பும் விழவில்லை. வாசித்தது நானா மாதாவா என்பது இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவர் ஜெபமாலையோடு பின்னால் உட்காராமல் நான் பதிவுப் பொத்தானைத் தொடுவதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்.

"மனசுக்குள்ளயே சொல்லுங்க. சத்தம் கித்தம் வந்துச்சு, அவ்வளவுதான்."

"ம்" என்றார். திரும்பிப் பார்த்தால் உதடு மட்டும் அசையும். சத்தம் வராது. பரவாயில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் பதிவுக்கு ஏழெட்டுப் பேர் நல்லபடியாக எழுதினார்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து, எண்பது வயது என்று தன்னைப் பற்றிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: "வாசிப்பில் உயிர் இருக்கிறது. பின்னால் ஏதோ ஸ்ஸ் என்கிறது. கவனியுங்கள்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டேன். ஒரு ஸ்ஸும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில், "இந்தக் கெழத்துக்குக் காது அவுட்டுங்க" என்றேன். வீட்டுக்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அடுத்த பதிவுக்கும் அதையே எழுதினார். அதற்கடுத்ததற்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நகம் தந்தியில் உரசுகிறதோ என்று அரத்தால் தேய்த்து, அதன்மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். புதுத் தந்தி மாட்டினேன். போனை மாற்றினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்க ஆரம்பித்தது இதனால்தான். கொசுவத்தி மெஷினையும் பிடுங்கினேன். போட்டுவிட்டுக் காத்திருப்பேன். கிழவர் வருவார். "இன்னும் இருக்கிறது." எத்தனை எரிச்சல்! சாமி, அந்த ஆளை நான் திட்டாத திட்டு இல்லை.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு ஞாயிறு போட்ட பதிவுக்கு ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அந்தக் குருவி யாருடையது? ஆரம்பத்திலிருந்து உங்களோடு சேர்ந்து பாடுகிறதே, என்ன அழகு." கீழே வரிசையாக, ஆமாம், குருவி, குருவி என்று எழுதியிருந்தார்கள். குருவியா? பதிவைப் போட்டுக் கேட்டேன். சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். என் கிட்டார் மட்டும்தான் இருந்தது. எழுந்து கொல்லைப்பக்க ஜன்னலுக்குப் போனேன்.

துணி காயப்போடும் கம்பியின் முனையில் ஒரு தேன்சிட்டுக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே குருவி. கையை நீட்டினால் எட்டும். தொண்டை புடைக்க, அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. டி.வி.யை மியூட்டில் போட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அது பாடிக்கொண்டே இருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காது டாக்டரிடம் போனேன். வீட்டில், உடன் வேலை பார்ப்பவளின் மகளுக்கு அம்பகரத்தூரில் விசேஷம், சாப்பாடு அங்கேதான் என்று பொய் சொல்லிவிட்டேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்தினேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையிலிருந்துதான் சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது.

"கீழ் சத்தமெல்லாம் நல்லா கேக்குதும்மா. மேல் சத்தந்தான், விசிலு, குருவி, ஸ்ஸ்னு வர்றதெல்லாம், போயிட்டிருக்கு" என்றார் டாக்டர். "நரம்பு. போனது திரும்பாது. இன்னும் எவ்வளவு போகும்னு இப்ப சொல்ல முடியாது. மிஷின் வச்சுக்கிட்டா பேச்சு தெளிவா புரியும்."

"பாட்டு, டாக்டர்?"

"பாட்டுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாதும்மா."

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தவர், "சாப்பாடு எப்புடி?" என்றார். பிரமாதம் என்றேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்றால், சொன்னால் பாவம் என்று பார்ப்பார். எனக்கு அது ஆகாது. யாரும் என்னைப் பாவம் பார்க்கக் கூடாது என்றே வாழ்ந்துவிட்டவள் நான். ரிப்போர்ட்டைக் கிட்டார் பெட்டிக்குள், தந்தி உறைகளுக்கு அடியில் செருகிவைத்தேன்.

அதற்குப் பின் சில மாதங்கள் இப்படித்தான் போயின. தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் முதல் தந்தியை மீட்டிப் பார்ப்பேன். நேற்றுக் கேட்டது இன்றும் கேட்கிறதா? மீட்டியதும் ஒரு பளிச்சென்ற முனை இருக்கும் அந்தத் தந்திக்கு. அது மழுங்கி மழுங்கி, துணியைச் சுற்றி அடித்த மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் மனு கொண்டுவருகிறவர்களிடம், "சத்தமா சொல்லுங்க, சத்தமா சொல்லுங்க" என்று எரிந்து விழுந்தேன். குக்கரில் மூன்று விசில் என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். அவர் உள்ளே வந்து அடுப்பை அணைப்பார். "யாரு உங்கள அணைக்கச் சொன்னா?" என்று அதற்கும் கத்துவேன். மூடியைத் திறந்தால் சோறு குழைந்து கிடக்கும்.

ஒருநாள் அலுவலகத்தில் ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாதா கோயிலில் போய்ச் சண்டை போட்டேன். நான் என்ன கேட்டேன் உன்னிடம்? பிள்ளை கேட்டேன், கொடுக்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். காலை எடுத்துக்கொள்ளேன், உட்கார்ந்துதானே வாசிக்கிறேன். ஒரு கண்ணை எடுத்துக்கொள்ளேன். இதுதானா கிடைத்தது உனக்கு? மெழுகுவர்த்தி ஏற்றாமலேயே திரும்பி வந்தேன்.

அந்தக் குழுதான் எனக்குக் காதாக இருந்தது. பதிவைப் போட்டுவிட்டு, கேள்வி மேல் கேள்வி கேட்பேன். முதல் தந்தி கூர்மையாக இருக்கிறதா? நகச் சத்தம் வருகிறதா? கடைசி ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது? பாவம், அவர்களும் பொறுமையாகச் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு, கேட்காததைக் கேட்ட மாதிரி நினைத்துக்கொண்டு வாசித்தேன். கடைசியில் அந்தக் கிழவர் எழுதினார்: "இதையெல்லாம் எங்களைக் கேட்கிறீர்களே, உங்களுக்குக் காது இல்லையா?" விளையாட்டாகத்தான் எழுதியிருப்பார். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல எல்லாவற்றையும் பிடுங்கி, சாத்தி, அவரைப் பின்னால் உட்காரவைத்து வாசித்தேன். பதிவுக்குக் கீழே, யாரிடமும் சொல்லாததை எழுதினேன். "எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இதில் உங்களுக்குக் கேட்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். கிட்டாரை மட்டுமல்ல. ஒன்றையும் விடாதீர்கள்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்துதான் எடுத்துப் பார்த்தேன். நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். குருவி. தூரத்தில் சைக்கிள் மணி. யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள். ஒரு குழந்தை சிரிக்கிறது. ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க என் வீட்டைப் பற்றி எனக்கே யாரோ சொல்வது மாதிரி இருந்தது. கிழவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். கடைசியாக எழுதியிருந்தார்: "இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஸ்ஸ் உங்கள் நகம் அல்ல. நல்ல ஹெட்போனில் கேட்டேன். அது ஒரு மனிதர். யாரோ கிசுகிசுக்கிறார். எனக்கு மொழி புரியவில்லை."

அதற்குக் கீழே ஒரு பெண் தமிழிலேயே எழுதியிருந்தாள். "அக்கா, நான் பாரிஸ் பக்கத்துல இருக்கேன். காதுல மாட்டிக்கிட்டு திருப்பித் திருப்பிக் கேட்டேன். முதல்ல ஜெபமாலை சொல்றாங்க. நடுவுல நிறுத்திட்டு வேற சொல்றாங்க. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். ஒன்னையும் விடாதீங்கன்னு சொல்லியிருக்கீங்க. அதனால அப்படியே எழுதுறேன்: 'மாதாவே, இவ எங்கிட்ட சொல்லமாட்டா. திமிரு புடிச்சவ. பெட்டியில ஒளிச்சு வச்சிருக்கா. எனக்கு எதுக்கு ரெண்டு காது, கடையில மோட்டார் சத்தம் கேக்குறதுக்கா? எங்காத எடுத்துக்கம்மா. அவளுக்குக் குடு.'"

வீட்டுக்காரர் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, கொல்லையில் வார்னிஷ் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். அவருக்குக் காது நுனியெல்லாம் சிவந்துவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"குக்கரு" என்றார். "அப்பறம் பெட்டியப் பாத்தேன்."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"மனசுக்குள்ளதானே சொல்லச் சொன்னேன்?"

"ஆரம்பத்துலேர்ந்தே வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்கிட்டேர்ந்து ஒரு அதட்டல் வரும்னு பாத்தேன்" என்றார். "வரல. கேக்கல போலன்னு நெனச்சேன். அப்பறம் கேக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. உங்கிட்ட சொல்ல முடியாததெல்லாம் அங்க உக்காந்து சொல்லிக்கிட்டிருந்தேன்."

"எல்லா ஞாயித்துக்கெழமையுமா?"

தலையை ஆட்டினார்.

"மத்ததுல எல்லாம் என்ன சொன்னீங்க?"

"ஞாபகமில்ல" என்றார். துணியைத் தேடுகிற மாதிரி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, "இனிமே என்ன எழவா இருந்தாலும் எம் மொகத்தப் பாத்து, சத்தமா சொல்லித் தொலைங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் எட்டிப் பார்த்தாள். அவள் கை நின்றதும்தான், இவ்வளவு நேரம் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒன்றரை வருஷத்துப் பதிவுகள் போனில் இருந்தன. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் பேசாத அளவுக்கு அந்த மனுஷன் அவற்றில் பேசியிருக்கிறார். ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எல்லாவற்றிலும் நான் மட்டும்தான் இருந்தேன்.