நான்காம் மாடி ஹாலில் நின்ற கப்சாய்

மோட்டார் சைக்கிளின் கிக்கர்மேல் கை வைத்துவிட்டேன். ஒரே அழுத்து அழுத்தி, ப்ளக் முனையில் நீலப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. அப்போதுதான் தரையில் ஊன்றியிருந்த வலது முழங்கால் சில்லென்று இருப்பது உறைத்தது. கால்சட்டை நனைந்திருந்தது.

தேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 21, வெள்ளிக்கிழமை. செவ்வாயன்றுதான் தைப்பூசம் முடிந்திருந்தது. டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் சைக்கிள்கள் கிள்ளானில் என் பட்டறையை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெருக்கடியில்தான் மணியம் போன் செய்தார்.

"அண்ணே, திங்கக்கிழமை வேலைக்குத் திரும்பணும். வண்டி ஒரு வருஷமா ஹால்லயே நிக்குது. கீழ எறக்கலாம்னா லிஃப்ட் ரோசாக், ஓடல. நீங்க கொஞ்சம் மேல வந்து பாருங்கலா."

மணியம் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவர். போன வருஷம் வேலைக்குப் போகும் வழியில் ஒரு லோரி உரசித் தள்ளியதில் வலது தொடையில் இரும்புத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். நொறுங்கிய ஹேண்டிலையும் விளக்கையும் நான்தான் அப்போதே மாற்றிக் கொடுத்தேன். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வண்டியை மேலே ஏற்றி, ஹாலில் ஒரு பழைய கம்பளத்தின்மேல் நிறுத்தி, போர்வையால் மூடிவிட்டார்கள். விலை மலிவான அடுக்குமாடிகளில் இது சாதாரணம். கீழே விட்டால் காலையில் வண்டி இருக்காது.

அவர் மனைவி சரசு வாசலின் இரும்புக் கிரில்லைத் திறந்து என்னை உள்ளே விட்டார். விட்ட கையோடு திரும்பப் பூட்டி, சாவியைக் கஃப்தான் அங்கியின் பையில் போட்டுக்கொண்டார். "இந்த பிளாக்குல திறந்து போட்டா செருப்புகூட மிஞ்சாது அண்ணே." வெள்ளிக்கிழமை என்பதால் வீடு முழுக்க சாம்பிராணிப் புகை. கொசுவுக்காகக் கண்ணாடிச் சன்னலும் சாத்தியிருந்தது. என் முகத்தில் கொரோனா காலத்து முகக்கவசம். மூக்கு இருந்தும் இல்லாத நிலை.

நின்றுபோன வண்டியில் எல்லோரும் முதலில் பாட்டரியைத்தான் குறை சொல்வார்கள். கப்சாய் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சின்ன மோட்டார் சைக்கிளின் பழைய மாடலுக்குக் கிக்கர் இருப்பதால் அது பெரிய தடை இல்லை. பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருக்கும்; அல்லது ப்ளக் பூத்திருக்கும். ப்ளக்கைக் கழற்றி, அதன் வயர்த் தொப்பியில் மாட்டி, என்ஜின் உடம்பில் சாய்த்து வைத்து, கிக்கரை அழுத்தினால் பொறி வருகிறதா என்று தெரிந்துவிடும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் செய்யும் வேலை. நானும் யோசிக்கவில்லை.

முழங்கால் நனைந்ததும் முகக்கவசத்தை இறக்கினேன். சாம்பிராணிக்கு அடியில் பெட்ரோல் வாடை முகத்தில் அறைந்தது. கம்பளத்தை விரலால் அழுத்தினேன். பஞ்சு தண்ணீரைக் கக்குவதுபோல் பெட்ரோல் ஊறி வந்தது.

"மணியம், டேங்குல எண்ணெ ஊத்தினீங்களா?"

நாற்காலியில் இருந்த மணியம் பெருமையாகச் சிரித்தார். "புது எண்ணெ அண்ணே. பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியாந்தான். டேங்க் டேப்பையும் திறந்து வச்சிட்டேன். நீங்க வந்தா நேரா ஸ்டார்ட் பண்ணிடலாம்ல?"

விஷயம் புரிந்தது. கார்புரேட்டரில் எண்ணெய் நிறைந்ததும் ஒரு சின்ன ஊசி எழும்பி வழியை அடைக்க வேண்டும். பிசின் பிடித்த ஊசி அடைக்காது. மேலே டேங்கிலிருந்து வருவதெல்லாம் கீழே வடிகுழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். நான் வருமுன்பே கம்பளம் குடித்துவிட்டது. மிச்சம் சோபாவுக்கு அடியில் ஓடியிருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது. தரையோடு தரையாகப் பரவிக் கிடக்கும். நான் பொறி பார்க்கவிருந்த இடம் தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இல்லை.

கிக்கரிலிருந்து கையை எடுத்தேன். ப்ளக்கைத் தொப்பியிலிருந்து உருவிச் சட்டைப்பையில் போட்டேன். டேப்பை மூடினேன். மணியம் என் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டு, சுவரிலிருந்த ஃபேன் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

"சுவிட்ச தொடாதீங்க. ஃபேன் ஓடட்டும். போனையும் எடுக்காதீங்க. அப்படியே உக்காருங்க."

"என்னண்ணே?"

"சாவி வேணும். கிரில்லத் திறக்கணும்."

அவர் பதில் சொல்லுமுன் அடுக்களை வாசலில் சரசு வந்து நின்றார். இரண்டு கையாலும் பித்தளைத் தட்டை ஏந்தியிருந்தார். தட்டில் ஒரு எலுமிச்சம்பழம். அதன்மேல் நாலைந்து கற்பூரக் கட்டிகள் சேர்ந்து, சாண் உயரத்துக்குத் தழல் எழுந்து ஆடியது.

"ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னால ஒரு சுத்து காட்டிடறேன் அண்ணே. ரத்தம் பார்த்த வண்டி."

கத்தினால் பதறித் தட்டைப் போட்டுவிடுவார். கத்தாவிட்டால் வந்துவிடுவார். அடுக்களை வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சோபா நீளம்தான் இருந்தது.

மணியம்தான் கத்தினார். "ஏய், ஊதி அணைடி! எண்ணெ கொட்டிக் கெடக்கு!"

சரசு நின்றார். முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை கற்பூரத்த வாயால ஊதச் சொல்றீங்களா? ஒரு தடவ விழுந்தது பத்தலையா? கொட்டினது யாரு? நானா?"

"அப்ப தண்ணிய ஊத்து!"

"வாயக் கழுவுங்க முதல்ல!" என்று ஒரு அடி முன்னால் வைத்தார். தழல் என் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பெட்ரோல் பயம் இல்லை. இந்த வண்டி கணவனை மறுபடி தூக்கி எறியும் என்ற பயம்தான் அவரை நடத்தியது. அந்தப் பயத்திடம் ஆவி, அடர்த்தி என்று பேசிப் பயனில்லை. எழாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"தங்கச்சி, ஊத வேணாம். தண்ணியும் வேணாம். ஆனா வண்டி இன்னும் பிரிஞ்சு கெடக்குது பாருங்க. வேலை முடியாத வண்டிக்கு ஆரத்தி எடுக்கக் கூடாது. அந்தக் குறை வண்டியிலேயே தங்கிடும்."

அப்படி ஒரு சாத்திரம் கிடையாது. எங்கும் படித்ததில்லை. வாயில் வந்தது.

சரசு வண்டியைப் பார்த்தார். பிறகு என்னை. "தங்கிடுமா?"

"தங்கிடும். தட்ட நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிங்க. அப்படியே திரும்பி, பின்னால துணி காயப்போடுற இடத்துக்குப் போங்க. தானா குளிரட்டும். அடுப்பு எரியுதா?"

"இல்ல. சாம்பிராணியும் அணைஞ்சிடுச்சு. சாமி விளக்கு எரியுது."

"போற வழியில அத பூவால குளிர வச்சிடுங்க. கதவச் சாத்திக்குங்க. எல்லாம் குளிர்ந்த பிறகு சாவியோட வாங்க."

அவர் திரும்பினார். தட்டைத் தலைக்கு மேலேயே தூக்கிக்கொண்டு, கோயிலில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தார். அடுக்களைக் கதவு சாத்திக்கொண்டது.

பிறகு காத்திருந்தோம். நான் தவழ்ந்து போய்ச் சன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கிரில்லை ஒரு முறை இழுத்தும் பார்த்தேன், பூட்டியிருப்பது தெரிந்தும். கதவுக்கு அந்தப் பக்கம் கற்பூரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கதவின் கீழ் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரல் கடை இருந்தது. ஆவிக்கு அது போதும்.

மணியம் கிசுகிசுத்தார். "அண்ணே, பத்திக்கிச்சுன்னா நீங்க என்னைப் பார்க்காதீங்க. இந்தக் கால வச்சிக்கிட்டு என்னால ஓட முடியாது."

"ஓட எங்க வழி இருக்கு? கிரில்லு பூட்டியிருக்குல்ல? ரெண்டு பேருமே உக்காந்துதான் இருக்கணும். பேசாம இருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் கை சட்டைப்பையில் இருந்த ப்ளக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. மறுநாள் உள்ளங்கையில் அதன் திருகு மறைத் தடம் இருந்தது.

கதவு திறந்தது. சரசுவின் கையில் தட்டு இல்லை, சாவி இருந்தது. கிரில் திறந்ததும் முதலில் மணியத்தைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுபோனோம். அடுத்து வண்டியைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினேன். கம்பளத்தைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் என்னோடு சேர்ந்து சுருட்டிக் கீழே திடலுக்குத் தூக்கி வந்தார். ஹாலை மணல் போட்டுத் துடைத்தோம். வாடை அடங்கும்வரை விளக்கு போட வேண்டாம் என்று சொல்லி, அவர்களை அன்றிரவு உறவினர் வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் இரண்டு ஆட்களை வைத்து வண்டியைப் படியில் இறக்கினோம். ஊசியைக் கழுவி, கிண்ணத்தைச் சுத்தம் செய்து, புது ப்ளக் போட்டதும் மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அதை எழுதவே தேவையில்லை. வண்டி உங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் நீங்களே செய்திருப்பீர்கள்.

சரசு ஓரமாக வந்து கேட்டார். "அண்ணே, வேலை முடியாம ஆரத்தி எடுக்கக் கூடாதுன்னீங்களே, அது நெசமா?"

"நெசம்தான்" என்றேன். அன்றிலிருந்து நானும் அதை நம்புகிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நின்றுபோன வண்டியில் பெட்ரோல், பொறி, காற்று என்று வரிசையாகத் தேடச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வண்டி எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று பாருங்கள். மூடிய இடத்தில் பொறி பார்க்காதீர்கள். தரையைக் கையால் தடவுங்கள், மூக்கை நம்பாதீர்கள்.

இப்போதும் சில வீடுகளுக்கு மாடி ஏறுகிறேன். கிரில்லைத் திறந்தே வைக்கச் சொல்கிறேன். "திருடன் வந்தா பாஸ் பொறுப்பா?" என்று கேலி செய்கிறார்கள். பொறுப்பு என்கிறேன். சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் குனிகிறேன்.