தாளில் இல்லாத டிரம்ஸ்காரர்

அமெரிக்காவில் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் ஒரு நூலகம். சனிக்கிழமை மதியம் குரோஷியாவின் ஜாஸ் குழு ஒன்று வாசிக்கிறது. ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் வந்திருக்கும் நான் கடைசி வரிசையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எந்தத் தாளையும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன்; வாசலில் கொடுத்த, குழுவினர் பற்றிய தாளையும் அப்படித்தான். பியானோக்காரர் ஊரில் பல் டாக்டர், சாக்ஸபோன்காரர் பள்ளி ஆசிரியர். வாசிப்பை மட்டுமே நம்பிப் பிழைப்பவர் டிரம்ஸ்காரர்தான். ஆனால் தாளில் இருக்கும் அவர் முகம் மேடையில் இல்லை.

“ஆன்ட்டி, டிரம்ஸ்ல வேற ஆள் உக்காந்திருக்காரே?” என்று வாசலில் நிற்கும் வாலண்டியர் ஆன்ட்டியிடம் கேட்கிறேன்.

“அட, கண்டுபிடிச்சுட்டியே! அவருக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா. இவர் டாலஸ்காரர், காலையிலதான் மீட் பண்ணாங்க. இன்னைக்கு நல்லா வாசிச்சா மீதி டூர் முழுக்க இவர்தானாம்.”

“அது விசா கிடைக்காத அந்த மனுஷனுக்குத் தெரியுமா?”

“இவர் நம்பரைக் கொடுத்ததே அவர்தானாம்.”

நான் நம்பவில்லை. தன் இடத்துக்குத் தானே யாராவது ஆள் காட்டுவார்களா?

பாட்டு முடிகிறது. பியானோக்காரர் எழுந்து வந்து டாலஸ்காரரைக் கட்டிக்கொள்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

எனக்குக் கை எழவில்லை. என்னுடைய இந்த ஆபீஸ் பயணத்துக்கு முதலில் தேர்வானவள் என்னுடன் வேலை செய்யும் கல்பனா. விசா மறுக்கப்பட்டதும் அவளே மேனேஜரிடம் என் பெயரைச் சொன்னாளாம். அதையும் நான் நம்பவில்லை. இதுவரை அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.